மவுண்டன் பைக் டயர்: எந்தத் தரைக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாத் தரைக்கும் ஒத்துவரும் ஒரே டயர் கிடையாதா?

கிடைக்கும், ஆனால் எந்தத் தரையிலும் அது முதலிடத்துக்கு வராது. ஒரு டயரிடம் நாம் மூன்று வேலைகளை எதிர்பார்க்கிறோம்: தரையைப் பிடிக்க வேண்டும், லேசாக உருள வேண்டும், கல்லில் அடித்தால் கிழியாமல் தாங்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், மூன்றையும் கூட்டினால் எடை ஏறும். அதனால் "எது நல்ல டயர்" என்று கேட்டு யாரும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். உங்கள் பாதையில் எந்த இடத்தில் பயந்து பிரேக்கை அழுத்துகிறீர்கள்? மொத்த நேரத்தில் பெரும்பகுதி எந்த மாதிரித் தரையில் மிதிக்கிறீர்கள்? முதல் கேள்விக்கான பதிலை வைத்து முன் டயரைத் தேர்ந்தெடுங்கள், இரண்டாவதை வைத்துப் பின் டயரை. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இதன் விரிவுதான்.

டயர் பக்கத்தில் 29x2.40 என்றும் 61-622 என்றும் போட்டிருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டும் ஒரே தகவல்தான். 29 என்பது சக்கரத்தின் தோராயமான வெளி விட்டம், 2.40 என்பது அகலம், இரண்டும் இன்ச்சில். 61-622 என்பது அதையே மில்லிமீட்டரில் சொல்வது: அகலம் 61, ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622. குழப்பம் வந்தால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் நம்ப வேண்டும். 29 இன்ச் என்றால் 622, 27.5 என்றால் 584, பழைய 26 என்றால் 559. இந்த மூன்றில் எது உங்கள் பழைய டயரில் இருக்கிறதோ அதுவேதான் புதியதிலும் இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர்கூட அனுசரித்துப் போகாது.

அகலத்தில் கொஞ்சம் விளையாடலாம். ஆனால் டயர் உண்மையில் எவ்வளவு அகலமாக நிற்கும் என்பது ரிம்மைப் பொறுத்தும் மாறும். வாங்குமுன் பழைய டயரைச் சுழற்றிவிட்டு, பட்டன்களுக்கும் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) ஃபிரேமுக்கும் நடுவில், ஃபோர்க்குக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். புது டயர் ஏறிய பிறகும் எல்லாப் பக்கமும் 6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். சேற்றில் ஓட்டுபவர்களுக்கு அதுவும் பத்தாது.

டயரைக் கையில் எடுத்துப் பார்த்தே எந்தத் தரைக்கானது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லிவிடலாம். கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைதான், ஏனென்றால் அட்டைப் பெட்டியில் "டிரெயில்", "ஆல் மவுண்டன்", "எண்டியூரோ" என்று எழுதியிருப்பதை எல்லாம் ஒரு கம்பெனி ஒரு அர்த்தத்திலும் இன்னொன்று வேறு அர்த்தத்திலும் பயன்படுத்துகிறது.

டயரை மடியில் வைத்து நடு வரிசையை முதலில் பாருங்கள். பட்டன்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் இறுகிய தரையில் ஓடும் வேகமான டயர். உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருந்தால் மென்மையான மண்ணுக்குள் இறங்கிக் கடிக்கும் டயர். நடு பட்டனின் முன்விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், அது உருள்வதற்கு. பின்விளிம்பு செங்குத்தாக நிற்கும், அது பிரேக் பிடிப்பதற்கு. விரல் நுனியால் இரண்டு விளிம்புகளையும் தடவினால் வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்து ஓர வரிசை. சைக்கிளைச் சாய்த்து வளையும்போது உங்களைத் தாங்குவது இதுதான். ஓர பட்டன் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். எளிதாக மடங்கினால் கடினமான தரையில் வளையும்போதும் மடங்கும், சக்கரம் நழுவுகிற மாதிரி ஓர் உணர்வு வரும். அடிப்பாகம் அகலமாக, முட்டுக் கொடுத்த மாதிரி இருந்தால் மடங்காது.

கடைசியாக, நடு வரிசைக்கும் ஓர வரிசைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. மேக்ஸிஸின் மினியன் டிஹெச்எஃப் மாதிரி சில டயர்களில் இங்கே தெளிவான ஒரு கால்வாய் இருக்கும். பாதி சாய்த்தால் பிடி குறைவாக இருக்கும், தைரியமாக முழுக்கச் சாய்த்தால் ஓர பட்டன் கப்பென்று கவ்வும். அதே கம்பெனியின் அசகாய் டயரில் அந்த இடைவெளியில் கூடுதல் பட்டன்களைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அது டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தய) வீரர் கிரெக் மின்னாருடன் சேர்ந்து உருவாக்கியது, ஆனாலும் பயந்து பயந்து பாதி மட்டும் சாய்ப்பவர்களுக்கும் அது கைகொடுக்கும். புதிதாக ஓட்டப் பழகுபவருக்கு முன் டயர் சொல்லச் சொன்னால், கால்வாய் உள்ளதை நான் சொல்ல மாட்டேன்.

இறுகிய, காய்ந்த மண் பாதைக்கு எது?

இங்கே தரை கடினம், பட்டன் உள்ளே இறங்கப் போவதில்லை. அதனால் தரையில் படும் ரப்பரின் பரப்புதான் முக்கியம். குட்டையான, நெருக்கமான பட்டன்கள், 2.2 முதல் 2.4 அகலம். விட்டோரியா மெஸ்கல், மேக்ஸிஸ் ஐகான், ரீகான், ஷ்வால்பே ரேசிங் ரால்ஃப் எல்லாம் இந்த வகைக்குள் வரும். உயரமான பட்டன் வைத்த டயரை இந்தத் தரையில் ஓட்டினால் பட்டன்கள் வளைந்து நெளியும், கால்தான் வலிக்கும், போதாக்குறைக்கு டயரும் சீக்கிரம் தேயும். "பெரிய பட்டன் என்றால் பிடி அதிகம்" என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப் போகிறது.

இறுகிய தரைதான், ஆனால் மேலே பொடி மண்ணும் உருளைக் கற்களும் பரவிக் கிடக்கின்றன. என்ன செய்வது?

என்னைக் கேட்டால் தரைகளிலேயே நம்ப முடியாதது இதுதான். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போது மேல் அடுக்கு அப்படியே தரையோடு உருள, முன் சக்கரம் வாரிவிடும். இங்கே பட்டன் இரண்டு வேலை செய்ய வேண்டும்: உதிரியைப் பிளந்து கீழே போக வேண்டும், போய் அடியில் உள்ள கடினத் தரையில் மடங்காமல் நிற்கவும் வேண்டும். அதனால் நடுத்தர உயரம், நல்ல இடைவெளி, முட்டுக் கொடுத்த ஓர பட்டன். மினியன் டிஹெச்எஃப், டிஹெச்ஆர் டூ, அசகாய், கான்டினென்டல் கிரிப்டோட்டல் போன்றவை முன்னால் நன்றாக உட்காரும்.

டயரை விட இங்கே ஓட்டும் விதம் பாதி. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். உடம்பு எடையை முன் சக்கரத்தின் மேல் போடாமல் பின்னால் தொங்கிக்கொண்டு போனால் எவ்வளவு விலை உயர்ந்த டயரும் வாரத்தான் செய்யும்.

சேற்றுக்கு அகலமான டயர்தானே நல்லது?

இல்லை, பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். இளகிய சேற்றில் வேண்டியது கீழே கொஞ்சம் உறுதியான தரை வரை வெட்டிக்கொண்டு இறங்கும் டயர். அகலமானது மேலேயே மிதந்து வழுக்கும். அதனால் சேற்று டயர்கள் பொதுவாக மற்றவற்றை விடச் சற்று ஒல்லி, பட்டன்கள் ஈட்டி மாதிரி உயரம், நடுவில் தாராளமான இடைவெளி. இடைவெளி எதற்கென்றால், ஒட்டிய சேறு சக்கரம் சுற்றும் வேகத்தில் உதறி விழ வேண்டும். களிமண் ஒட்டி நிரம்பிய டயரைப் பார்த்திருப்பீர்கள், பட்டன் எது பள்ளம் எது என்றே தெரியாமல் வழவழவென்று ஒரு மண் உருளை ஆகியிருக்கும். அந்த நிலையில் உங்கள் சக்கரத்தில் என்ன டயர் இருந்தாலும் ஒன்றுதான்.

மேக்ஸிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே டர்ட்டி டான், கான்டினென்டல் ஹைட்ரோட்டல் இந்த வேலைக்கானவை. வருஷத்தில் சில வாரம் மட்டும் சேறு என்றால் இவற்றை வாங்கி மாட்டிக் கழற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. முன்னால் மட்டும் ஷ்வால்பே மேஜிக் மேரி மாதிரி இடைவெளி அதிகமுள்ள டயரைப் போட்டு வருஷம் முழுக்க ஓட்டலாம்.

ஈரமான வேர், ஈரமான பாறை?

பட்டன் வடிவத்தை மறந்துவிடுங்கள். வேரில் எந்த பட்டனும் குத்தி இறங்காது. இங்கே பேசுவது ரப்பரின் மென்மையும் காற்றழுத்தமும் மட்டுமே. உயரமான சேற்று பட்டன்கள் பாறை மேல் இன்னும் மோசம், முனைகள் மட்டும் பட்டுக்கொண்டு ஆடும். மென்மையான ரப்பர் உள்ள சாதாரண டிரெயில் (காட்டுப் பாதை) டயரில் காற்றை வழக்கத்தை விட ஒன்றிரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைத்து ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியும். அப்புறம், வேரைக் குறுக்காக, முடிந்த அளவு செங்கோணத்தில் கடக்க வேண்டும், அதன் மேல் பிரேக்கைத் தொடக்கூடாது. டயர் கம்பெனிகள் இதை எழுதுவதில்லை.

மென்மை, மென்மை என்கிறீர்களே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவுகோலில் சொல்வார்கள். எண் குறைந்தால் மென்மை. 42 என்பது பிசின் மாதிரி ஒட்டும் டவுன்ஹில் ரப்பர், 60-க்கு மேல் என்றால் நீடித்து உழைக்கும் கடின ரப்பர். இப்போது பெரும்பாலும் எண் போடாமல் பெயர் வைத்துவிடுகிறார்கள். மேக்ஸிஸில் மேக்ஸ்கிரிப் மிக மென்மை, மேக்ஸ்டெர்ரா நடுவில், மேக்ஸ்ஸ்பீட் வேகத்துக்கு. ஷ்வால்பேயின் ஆடிக்ஸ் ரப்பரில் நிறக் கோடு உண்டு: ஊதா மிக மென்மை, அப்புறம் ஆரஞ்சு, நீலம், சிவப்பு என்று கடினமாகிக்கொண்டே போகும். கான்டினென்டலில் சூப்பர்சாஃப்ட், சாஃப்ட், எண்டியூரன்ஸ்.

மென்மைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மெதுவாகத் துள்ளும். கல்லில் அடித்தால் உடனே எகிறாமல் அந்த அதிர்ச்சியை விழுங்கிக்கொண்டு தரையோடு ஒட்டி நிற்கும். அதே குணம்தான் மேட்டில் மிதிக்கும்போது உங்கள் சக்தியையும் விழுங்குகிறது. பின் டயரில் மிக மென்மையான ரப்பரைப் போட்டுவிட்டு "சைக்கிள் நகரவே மாட்டேன் என்கிறது" என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் நிறைய. முன்னால் மென்மை, பின்னால் நடுத்தரம். குளிரில் ரப்பர் இறுகும், அதனால் குளிர்ந்த இடங்களில் ஒரு படி மென்மையானதைப் போடுவதில் நியாயம் இருக்கிறது.

கூரான கற்கள் நிறைந்த பாதை. டயர் பக்கவாட்டில் கிழிந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் உங்கள் பிரச்சினை பட்டனே இல்லை, கேசிங். பட்டனுக்கு அடியில் இருக்கும் நூல் துணி அடுக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதை டிபிஐ என்று போடுவார்கள், பொதுவாக 60 அல்லது 120. 120 என்றால் நூல் மெல்லியது, டயர் வளைந்து கொடுக்கும், எடை குறைவு. 60 என்றால் தடித்த நூல், முரடு. ஆனால் இந்த எண் மட்டும் பலத்தைச் சொல்லிவிடாது, எத்தனை அடுக்கு, சைடுவாலில் (டயரின் பக்கச் சுவர்) கூடுதலாக என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர வேண்டும். மேக்ஸிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள் டவுன், டிஹெச் என்று தடிமன் ஏறும். கான்டினென்டலில் டிரெயில், எண்டியூரோ, டவுன்ஹில் என்று நேரடியாகவே பெயர்.

29 இன்ச் டயரின் எடையைப் பார்த்தாலே எந்த ஊருக்குப் போகிற டயர் என்று தெரிந்துவிடும். 650 முதல் 800 கிராம் என்றால் கிராஸ் கன்ட்ரி, அதாவது வேகமாக ஓட்டும் வகை. 1 கிலோ ஒட்டி வந்தால் டிரெயில். 1,200-ஐத் தாண்டினால் கல்லோடு மல்லுக்கட்டுகிற வகை. 100 கிராம் மிச்சம் பிடிக்க மெல்லிய கேசிங் வாங்கிவிட்டு, பஞ்சர் ஆகாமல் இருக்கக் காற்றை ஏற்றி ஏற்றி ஓட்டினால், பிடிமானமும் போச்சு, சொகுசும் போச்சு. தடித்த கேசிங்கில் குறைந்த காற்றில் ஓட்டுவதுதான் கல் பாதையில் வேகம். அடி அதிகம் வாங்குவது பின் சக்கரம் என்பதால் தடித்த கேசிங் முதலில் பின்னால் போகட்டும்.

மணலுக்கும் பனிக்கும்?

மிதக்க வேண்டும், வேறொன்றுமில்லை. 3 இன்ச்சுக்கு மேல், உண்மையில் 3.8 முதல் 5 இன்ச் வரை போகும் ஃபேட் டயர், அதிலும் காற்று ஒற்றை இலக்க பிஎஸ்ஐயில். சாதாரண மவுண்டன் பைக்கில் இவை நுழையாது, ஃபிரேமே வேறு. உங்கள் பாதையில் நடுவில் ஒரு சின்ன மணல் பகுதி மட்டும் என்றால் அதற்காகக் கவலைப்படாதீர்கள், இறங்கித் தள்ளலாம். உறைந்த பனிக்கட்டியில் அகலமும் உதவாது, உலோக ஆணி பதித்த டயர்தான் நிற்கும்.

முன்னும் பின்னும் வேறு வேறு டயர் போடலாமா?

போடுங்கள், போட வேண்டும். பின் சக்கரம் வழுக்கினால் வால் ஆடும், மனசு பதறும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்க நேரமே கிடையாது, தரையில் கிடப்பீர்கள். அதனால் பிடி அதிகமுள்ளது, அகலமானது, மென்மையானது எல்லாம் முன்னால். வேகமாக உருள்வது, தடித்தது பின்னால். அசகாய் முன்னால், டிஹெச்ஆர் டூ பின்னால் என்பது உலகம் முழுக்க ஓட்டுபவர்கள் போடும் ஜோடி. இன்னும் லேசாக வேண்டுமானால் மேக்ஸிஸ் ஃபோர்கேஸ்டர் முன்னால், ரீகான் பின்னால். மிஷ்லன் கம்பெனி வைல்ட் எண்டியூரோ என்ற ஒரே பெயரில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று வடிவத்தையே பிரித்து வெளியிட்டது.

இதை அப்படியே திருப்பிப் போட்டு, தேய்ந்த டயரை முன்னால் மாற்றிப் புதியதைப் பின்னால் போடுபவர்கள் இருக்கிறார்கள். பின் டயர்தான் சீக்கிரம் தேய்கிறது, அதனால் புதியதை அங்கே போட்டால் சிக்கனம் என்று கணக்கு. புது டயர் வாங்கினால் அது முன்னால் போகட்டும், முன்னால் இருந்த பாதி தேய்ந்தது பின்னால் வரட்டும். கணக்கும் சரியாக இருக்கும், பல்லும் மிஞ்சும்.

காற்று எவ்வளவு வைப்பது?

டயரை மாற்றுமுன் இதைச் சரிசெய்து பாருங்கள். "இந்த டயர் வழுக்குகிறது" என்று வரும் புகார்களில் நிறைய, காற்றை இறக்கினால் தீர்ந்துவிடுகிற புகார்கள். சைக்கிளுக்குக் கல் மாதிரி காற்றடிக்கும் பழக்கம் நமக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது, அது தார் ரோட்டில் ஒல்லி டயருக்கான பழக்கம். கரடுமுரடான தரையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, அந்தத் தூக்கலில் வேகம் போகிறது. காற்று குறைந்த டயர் கல்லைத் தன்னுள் வாங்கி அதன் மேல் உருண்டு போய்விடும். அதனால் காட்டுப் பாதையில் காற்று குறைந்தால் பிடிமானமும் கூடும், பல நேரங்களில் வேகமும் கூடும்.

75 கிலோ ஆள், 2.4 இன்ச் டயர், டியூப் இல்லாமல்: முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ என்று ஆரம்பியுங்கள். டியூப் இருந்தால் இரண்டிலும் 4 அல்லது 5 கூட்டுங்கள். எடை கூடினால் கூட்டவும், குறைந்தால் குறைக்கவும். பின்னால் எப்போதும் முன்னை விட 2, 3 அதிகம், உங்கள் எடை அங்கேதான் அதிகம் விழுகிறது.

இனி இதை உங்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பழகிய ஒரு வளைவையும் ஒரு கல் பகுதியையும் எடுத்துக்கொண்டு ஒரு ஒரு பிஎஸ்ஐயாகக் குறைத்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் வளைவில் டயர் பக்கவாட்டில் குழைவது தெரியும், அல்லது கல்லில் ரிம் "டக்" என்று இடிக்கும். அங்கிருந்து ஒன்றோ இரண்டோ ஏற்றுங்கள். அதுதான் உங்கள் எண். அதை எழுதி வையுங்கள். பம்பில் உள்ள முள்ளை நம்பாதீர்கள், இரண்டு பம்பு இரண்டு எண் காட்டும், இந்த அளவு குறைந்த காற்றில் அது பெரிய தவறு. தனியாக ஒரு டிஜிட்டல் அளவுமானி வாங்குங்கள், எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். அது உண்மையை விட ஒரு பிஎஸ்ஐ தள்ளிக் காட்டினால்கூடப் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி காட்டினால் போதும்.

வீட்டுக்குள் அளந்துவிட்டு 10 டிகிரி குளிர்ந்த இடத்துக்குப் போனால் ஒரு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் தானாகவே இறங்கும். டயரிலும் ரிம்மிலும் அதிகபட்சம், குறைந்தபட்சம் போட்டிருப்பார்கள், இரண்டில் எது கண்டிப்போ அதைத் தாண்டக்கூடாது.

டியூப்லெஸ் அவசியமா?

டியூப் இருந்தால் காற்றை இறக்க முடியாது, இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்ஸில் நசுங்க டியூபே இல்லை. உள்ளே ஊற்றிய சீலன்ட் சின்ன முள் ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். 1999-இல் மாவிக், மிஷ்லன், ஹட்சின்சன் மூன்றும் சேர்ந்து யூஎஸ்டி என்ற பெயரில் கொண்டுவந்ததிலிருந்து இது வளர்ந்து, இப்போது நல்ல மவுண்டன் பைக் டயர்கள் பெரும்பாலும் இதற்குத் தயாராகவே வருகின்றன. காட்டுப் பாதையில் ஓட்டுபவர் செய்யக்கூடிய உருப்படியான ஒரே செலவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தொல்லையும் உண்டு, மறைக்க வேண்டாம். முதல் தடவை டயரை ரிம்மில் உட்கார வைக்கச் சாதாரணப் பம்பு போதாமல் போகலாம். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள் பாகத்தைக் கழற்றிவிட்டுக் காற்றடித்தால் வேகமாக உள்ளே போகும், "டப் டப்" என்று இரண்டு சத்தத்தோடு ஏறி உட்காரும். சீலன்ட் இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் காய்ந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். சக்கரத்தை ஆட்டிப் பார்த்துச் சளப் சளப் சத்தம் வரவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம். 29x2.4 டயருக்கு 100 மில்லி அளவில் வைத்துக்கொள்ளலாம்.

நுரை மாதிரியான வளையத்தை டயருக்குள் வைக்கும் இன்செர்ட் பற்றியும் கேட்பார்கள். ரிம்மை அடிக்கடி நெளிப்பவராக இருந்தால் பின்னால் மட்டும் போடுங்கள். மற்றவர்களுக்கு எடைதான் மிச்சம்.

அகலம் கூடக் கூட நல்லதுதானே?

ரிம் ஒத்துழைத்தால் நல்லது. ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால் 2.3, 2.4 வரை சரி. 30 என்றால் 2.4 முதல் 2.6. ஒல்லி ரிம்மில் அகல டயரை ஏற்றினால் பலூன் மாதிரி உப்பி, வளைவில் சாயும்போது மேல்பாகம் ஒரு பக்கம் சரியும். மிக அகல ரிம்மில் ஒல்லி டயரைப் போட்டால் தட்டையாக விரிந்து, ஓர பட்டன்கள் மேல்நோக்கி வந்துவிடும், அவை தப்பான நேரத்தில் தரையைத் தொடும். மேக்ஸிஸ் டயரில் டபிள்யூடி என்று போட்டிருந்தால் அது 30 முதல் 35 மில்லிமீட்டர் ரிம்முக்காக வடிவமைத்தது. முன்னால் 2.5, பின்னால் 2.4 என்பது பெரும்பாலானவர்களுக்கு நிறைவான இடம். 2.8, 3.0 டயர்கள் ஒரு காலத்தில் ஓகோ என்று ஓடின, இப்போது ஆர்வம் குறைந்துவிட்டது.

பாதி தூரம் தார் ரோட்டில்தான் போகிறேன். எதைப் போடுவது?

பின் டயரை மாற்றுங்கள், முன்னை விட்டுவிடுங்கள். நடுவில் பட்டன்கள் கிட்டத்தட்ட ஒட்டியபடி ஓடும், ஓரத்தில் மட்டும் பெரிய பட்டன்கள் இருக்கும் டயர் பின்னால் நன்றாக உருளும். மென்மையான ரப்பரைத் தார் ரோட்டில் ஓட்டுவது அழிரப்பரைத் தேய்ப்பது மாதிரிதான், கண் முன்னாலேயே கரையும். ரோட்டுக்கு மட்டும் காற்றைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, மண் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் இறக்கிவிடலாம்.

மின் சைக்கிளுக்குத் தனி டயர் வேண்டுமா?

தனி டயர் இல்லை, ஒரு படி தடித்த கேசிங். மோட்டார், பேட்டரி எடையும் சேர்ந்து கல்லில் இறங்குகிறது, மேட்டில் மோட்டார் இழுக்கும் இழுப்பில் பின் டயர் வேகமாகத் தேய்கிறது. உருளும் எளிமையைப் பற்றி இங்கே அவ்வளவு கவலைப்பட வேண்டாம், பிடிமானத்துக்குப் பணத்தைப் போடுங்கள்.

டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்?

சைக்கிள் ஓடும், ஆனால் பிரேக் பிடிக்க வேண்டிய செங்குத்து விளிம்பு தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். முன் டயரில் இதைச் செய்யவே கூடாது. பின்னால் மேடு ஏறுவதற்காக வேண்டுமென்றே திருப்பிப் போடும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போது பின்னுக்கென்றே வடிவமைத்த டயர்கள் கிடைப்பதால் அதற்குத் தேவை இல்லை.

டயரை எப்போது மாற்றுவது? மொட்டையாகும் வரை ஓட்டலாமா?

மொட்டையாகும் வரை காத்திருந்தால் மண் பாதையில் ரொம்ப நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். பின் டயரில் நடு பட்டன்களின் விளிம்பைப் பாருங்கள், கூர்மை போய் உருண்டிருந்தால் பிரேக் பிடிமானம் குறைந்துவிட்டது. பாதி உயரம் போய்விட்டால் மாற்றுங்கள். முன் டயர் ஏமாற்றும், நடு பட்டன் புதிது மாதிரியே இருக்கும். ஓர பட்டன்களை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். மெல்லிய கீறல் ஓடியிருந்தால் பட்டன் கிழிய ஆரம்பித்துவிட்டது. வளைவில் முழு எடையையும் அதன் மேல் போடும்போதுதான் அது கையை விரிக்கும். அப்படி மூன்று நாலு பட்டன் வரிசையாக இருந்தால் முன் டயரின் காலம் முடிந்தது, மேலே எவ்வளவு ரப்பர் மிச்சம் இருந்தாலும் சரி.

சைடுவாலில் நூல் தெரிந்தாலும், சுழற்றும்போது டயர் ஒரு இடத்தில் புடைத்து ஆடினாலும் யோசிக்கவே வேண்டாம்.

நடுக் காட்டில் சைடுவால் கிழிந்துவிட்டது. வீடு வரை எப்படி வருவது?

சின்ன கிழிசல் என்றால் ஊசியில் கோத்த ரப்பர் திரியைக் குத்தி அடைக்கலாம், கிழிசல் நீளமாக இருந்தால் இரண்டு திரி. திரி நிற்காத அளவு பெரியது என்றால் டயரை ஒரு பக்கம் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் முள் முனைகளை விரலால் தடவி எடுத்துவிட்டு (துணியைச் சுற்றிக்கொண்டு தடவுங்கள்), கிழிசலுக்கு உட்பக்கமாக ஏதாவது கெட்டியான ஒன்றை வையுங்கள். பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டு சிறந்தது, மடித்த சாக்லேட் உறையும் வேலை செய்யும். டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு டியூபைப் போட்டு, வழக்கத்தை விடக் கொஞ்சம் குறைவாகவே காற்றடித்து, துண்டு நழுவாமல் நிற்கிறதா, கிழிசல் வழியாக டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பின் டயராக இருந்தால் எடையை முன்னால் சாய்த்து மெதுவாக ஓட்டி வரலாம். முன் டயராக இருந்தால் இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதே மேல். அந்த டயரை வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த தடவைக்கு வேண்டிய துண்டுகளை அதிலிருந்தே வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.